இங்கிலாந்து வீட்டில் குளிர்கால ஹீட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் வாரத்திலேயே இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். படிக்க வந்த மாணவர்கள், புதிதாகக் குடியேறிய குடும்பங்கள், இருபது வருடம் லண்டனில் இருந்தும் பாய்லர் பக்கம் கை வைக்காதவர்கள் என எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கேஸில் ஓடும் காம்பி பாய்லரும் (தொட்டி இல்லாமல் ரேடியேட்டருக்கும் குளிக்கவும் ஒரே பெட்டி சுடுநீர் தரும் வகை), சுடுநீர் ஓடும் ரேடியேட்டர்களும் உள்ள வீட்டுக்கான பதில்கள் இவை. வேறு வகை ஹீட்டிங் வரும் இடத்தில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

முதல்ல இதைச் சொல்லுங்க, எத்தனை டிகிரியில வைக்கணும்?

வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் 18 முதல் 21 டிகிரிக்குள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், குளிர் நாட்டு வீடுகளுக்கு 18 டிகிரிதான் பாதுகாப்பான அடிமட்டம் என்று சொல்லியிருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் 19இல் தொடங்குங்கள். ஒரு வாரம் கை வைக்காமல் இருந்து பார்த்து, போதவில்லை என்றால் அரை அரை டிகிரியாக ஏற்றுங்கள்.

ஊரில் மார்கழிக் காலையில் 22 டிகிரிக்கே போர்வை தேடியவர்களுக்கு 19 கொடுமையாகத்தான் தெரியும். உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தடித்த காலுறையும் ஸ்வெட்டரும் போட்டுச் சமாளியுங்கள். முதல் வாரமே 24க்குப் பழகிவிட்டால் பிறகு இறக்குவது கஷ்டம்.

டைமர், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்ல இருக்கிற நம்பர் எல்லாம் ஒரே வேலைதானே?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எப்போது ஓட வேண்டும் என்பதை டைமர் முடிவு செய்கிறது. எந்தச் சூடு வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் வேலை. எந்த அறைக்கு எவ்வளவு என்பதை ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வு பார்த்துக்கொள்ளும். நான்காவது ஒன்றும் உண்டு: ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு கொதிப்பாகப் போக வேண்டும் என்பது பாய்லரிலேயே இருக்கும் குமிழில். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

டைமர் “ஆன்” நேரத்தில் இருந்து, அறையும் தெர்மோஸ்டாட்டில் வைத்த அளவுக்குக் கீழே இருந்தால்தான் பாய்லர் எரியும். “ஹீட்டிங் வேலை செய்யல” என்று வரும் புகார்களில் பல, டைமரின் மணி ஒரு மணி நேரம் தப்பாக ஓடுவதால் வருபவை. சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள் வைத்த பழைய வட்ட டைமர்கள் மார்ச்சிலும் அக்டோபரிலும் தானாக மாறாது. நாம்தான் திருப்பி வைக்க வேண்டும்.

வீடு ஐஸ் மாதிரி இருக்கு. 30ல வச்சா சீக்கிரம் சூடாகும்தானே?

ஆகாது. 20இல் வைத்தாலும் 30இல் வைத்தாலும் சாதாரண தெர்மோஸ்டாட் பாய்லருக்குச் சொல்வது “எரி” என்ற ஒரே சொல்தான். 20ஐத் தொட எடுக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றே. 30இல் வைத்தால் 20ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். பிறகு வியர்த்து, ஜன்னலைத் திறப்பீர்கள். சீக்கிரம் சூடு வேண்டும் என்றால் டைமரை முன்கூட்டியே வையுங்கள்.

ரேடியேட்டர் வால்வுல 3ன்னா எத்தனை டிகிரி?

தயாரிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். பொதுவாக 1 என்பது 12, 2 என்பது 16, 3 என்பது 20, 4 என்பது 24 டிகிரிக்குப் பக்கம். பனித்துளி அல்லது நட்சத்திரக் குறி உறைபனிக் காப்பு: 7, 8 டிகிரி வரை இறங்க விட்டு, அதன் பிறகு திறந்துகொள்ளும். ஹாலுக்கு 3, படுக்கையறைக்கு 2க்கும் 3க்கும் நடுவே என்று தொடங்கலாம்.

வால்வின் தலைக்குள்ளேயே சூட்டை உணரும் பகுதி இருக்கிறது. நீளத் திரைச்சீலையோ சோபாவோ அதை மூடியிருந்தால், அந்த மூலை சூடானதை வைத்து அறையே சூடாகிவிட்டது என்று நினைத்து வால்வு மூடிக்கொள்ளும்.

நாள் முழுக்கக் குறைவா ஓடவிடுறது லாபமோ, தேவைப்படேக்க போடுறது லாபமோ?

கேஸ் பாய்லருக்குத் தேவைப்படும்போது போடுவதுதான் லாபம். வீட்டிலிருந்து வெளியேறும் சூடு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆள் இல்லாத எட்டு மணி நேரமும் வீட்டை 19இல் வைத்திருந்தால் அந்த எட்டு மணி நேரமும் அதே வேகத்தில் சூடு வெளியே போகிறது. அணைத்து விட்டால் வீடு ஆற ஆற வெளியேறும் சூடும் குறையும். திரும்பச் சூடாக்க ஆகும் செலவு, அந்த எட்டு மணி நேரம் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதைவிடக் குறைவு.

விதிவிலக்கு இரண்டு. ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் கருவி) உள்ள வீட்டில் மிதமான சூட்டில் நீண்ட நேரம் ஓடவிடுவதே அதன் இயல்பு. அதை காம்பி மாதிரி போட்டுப் போட்டு அணைத்தால் பில் ஏறும். இன்னொன்று, ஈரம் ஊறும் பழைய வீடு. அங்கே முழுதாக அணைக்காமல் 15, 16 வரை இறக்கினால் போதும். காரணம் பூஞ்சைக் கேள்வியில் வருகிறது.

காலையில எத்தனை மணிக்கு ஆன் ஆகணும், எப்ப ஆஃப் ஆகணும்?

உங்கள் வீட்டை நீங்களே அளந்து பார்ப்பதுதான் சரியான வழி. குளிரான ஒரு நாளில் தெர்மோஸ்டாட்டில் தெரியும் அளவைக் குறித்துக்கொண்டு ஹீட்டிங்கைப் போடுங்கள். 16இலிருந்து 19க்கு வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பிறகு அணைத்துவிட்டு, ஒரு டிகிரி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். முதல் எண், எழுவதற்கு எவ்வளவு முன்னால் போட வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டாவது, கிளம்புவதற்கு எவ்வளவு முன்னால் அணைக்கலாம் என்பதை.

அளக்கும் வரைக்கும் ஒரு மாதிரி: ஆறரைக்கு எழுந்து எட்டரைக்குக் கிளம்பும் வீட்டில் 5:45க்குப் போட்டு 8:00க்கு அணைக்கலாம். மாலை ஆறுக்குத் திரும்புபவர்கள் 5:15க்குப் போட்டு, பத்தரைக்குப் படுப்பதென்றால் 10:00க்கு அணைக்கலாம். வெளிச்சுவர் இரட்டையாக இருந்து நடுவில் காப்புப் பஞ்சு நிரப்பிய வீடு மெதுவாக ஆறும். ஒற்றைச் செங்கல் சுவர் வைத்த விக்டோரியா காலத்து வீட்டில் அணைத்த அரை மணியில் கால் சில்லிடும். பக்கத்து வீட்டுக்காரர் டைமரைப் பார்த்து வைப்பதில் பயனில்லை.

ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணலாமா?

நல்ல போர்வைக்குள் தூங்கும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அணைக்கலாம். ஆனால் டைமரில் “ஆஃப்” என்று விடுவதைவிட, நேரத்துக்கேற்ப டிகிரி மாற்றும் வசதியுள்ள தெர்மோஸ்டாட்டில் இரவுக்கு 15 அல்லது 16 என்று வைப்பது நல்லது. சாதாரண இரவில் பாய்லர் எரியவே எரியாது. வெளியே மைனஸில் போகும் இரவில் மட்டும் அதுவாக எழுந்து வீட்டைக் காக்கும். குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

கைக்குழந்தை இருக்கு. அம்மாவும் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து நிக்கிறா. என்ன செய்யிறது?

இரண்டு பேருக்கும் தேவை வேறு. குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி. நம் வீடுகளில் தப்பு நடப்பது சூடு கூடும் பக்கம்தான்: 24 டிகிரி அறையில் தொப்பி, கையுறை, இரண்டு கம்பளி. கைக்குழந்தைக்கு அதிகச் சூடு ஆபத்து, திடீர் மரணத்துக்கான காரணிகளில் ஒன்று. உள்ளே தூங்கும்போது தொப்பி வேண்டாம். கை சில்லென்று இருப்பது இயல்பு. நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். தொட்டிலை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் போட வேண்டாம்.

அம்மாவுக்கு மாறாக, பகலில் இருக்கும் அறை 20, 21, இரவில் படுக்கையறை 18க்குக் குறையக் கூடாது. வயதானவர்களுக்குக் குளிரை உணரும் திறன் மங்கும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும். “எனக்குக் குளிரேல்லை” என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பாமல், அறையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். பகலில் நீங்கள் வேலைக்குப் போனாலும் அவர் வீட்டில் இருக்கிறார். மேலே சொன்ன டைமர் மாதிரி அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

ஒரு டிகிரி குறைச்சா 10 சதவீதம் மிச்சம்னு சொல்றாங்களே, உண்மையா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். உள்ளே 20, வெளியே 6 என்றால் வித்தியாசம் 14. ஒரு டிகிரி குறைத்தால் 14இல் ஒரு பங்கு, அதாவது 7 சதவீதம் மிச்சம். ஆனால் வீட்டில் இருப்பவர்களின் உடற்சூடு, சமையல், ஜன்னல் வெயில் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று டிகிரியை இலவசமாகத் தருகின்றன. அது மூன்று டிகிரி என்றால் பாய்லர் ஈடுகட்ட வேண்டியது 11தான். அதில் ஒரு பங்கு 9 சதவீதம். ஆக 10 என்பது கொஞ்சம் தாராளமான எண், பொய் இல்லை. ஆனால் அது ஹீட்டிங் செலவில்தான். குளிக்கவும் சமைக்கவும் ஆகும் கேஸ் இதில் சேராது.

பாய்லரிலயே ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் ஒண்டு இருக்கு. அதைத் தொடலாமோ?

தொடலாம், தொட வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தக் குளிரில் நடுங்காமல் செய்யக்கூடிய காரியம் இது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு வைத்த பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே கண்டென்சிங் வகை. புகையில் போகும் நீராவியைக் குளிரவைத்து, அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவி நீராகும். பலரது பாய்லர் 70, 80இல் அனுப்பிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் தண்ணீரும் அதற்கேற்பச் சூடாக இருப்பதால், காசு கொடுத்து வாங்கிய திறமை புகைபோக்கி வழியே போய்விடும்.

குமிழை 60க்கு இறக்குங்கள். டிகிரி எழுதாத குமிழ் என்றால் பாதிக்குச் சற்று மேலே. அருகில் இருக்கும் குழாய்ப் படம் குளிக்கும் தண்ணீருக்கானது, அது வேறு, காம்பியில் 50 போதும். ரேடியேட்டர் இனிக் கையைச் சுடாது. வெதுவெதுப்பாக இருந்துகொண்டே அறையைச் சூடாக்கும், அது பழுதல்ல. சூடேற நேரம் கூடும் என்பதால் டைமரை 15, 20 நிமிடம் முன்னே தள்ளுங்கள். கடும் குளிர் வாரத்தில் 60 போதவில்லை என்றால் 65, 70க்கு ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கலாம். ஹீட்டிங் ஓடும்போது பாய்லரின் அடியிலிருந்து போகும் சின்ன பிளாஸ்டிக் குழாயில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால், நீராவி நீராகிறது என்று பொருள்.

அலமாரிக்குள் பெரிய சுடுநீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் இப்படி இறக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியைத் தொட வேண்டும். அதற்குப் பாய்லர் 65, 70இல் அனுப்பியாக வேண்டும்.

ஆளில்லாத அறை ரேடியேட்டரை முழுசா மூடிடலாமா?

குறைக்கலாம், முழுதாக மூட வேண்டாம். வால்வை 1க்கும் 2க்கும் இடையில் வைத்து அறைக் கதவைச் சாத்திவையுங்கள். கதவு திறந்திருந்தால் மற்ற அறைகளின் ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்த சுவரில் படியும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரை மட்டும் குறைக்கவே கூடாது. அங்கே சூடேறாவிட்டால் பாய்லர் நிற்காது.

தெர்மோஸ்டாட் 20 காட்டுது, ரூம்ல குளிருது. ஏன்?

அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். அடுப்பங்கரைப் பக்கமோ, ரேடியேட்டருக்கு மேலோ, வெயில் படும் சுவரிலோ இருந்தால் சீக்கிரமே 20 காட்டி அணைந்துவிடும். முன்வாசல் நடையில் காற்று புகும் இடத்தில் இருந்தால் எதிர்மாறாக, அறைகள் வெந்த பிறகும் ஓடும். கம்பியில்லாத வகை என்றால் எடுத்துப் போய் ஹாலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். அந்த அறை வால்வை முழுதாகத் திறந்து விடுங்கள்.

ஒரு ரேடியேட்டர் மட்டும் சரியாச் சூடாகேல்லை. ஆளைக் கூப்பிட வேணுமோ?

கையால் தடவிப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து அரை மணிக்கு மேல் ஆறவிடுங்கள். மேல் ஓரத்தில் சதுர முனை தெரியும் இடத்தில் ரேடியேட்டர் சாவியைப் போட்டு, கீழே துணி பிடித்து, கடிகாரத்துக்கு எதிர்ப்புறம் கால் திருப்பு மட்டும் திருப்புங்கள். “உஸ்” என்று காற்று வந்து, கறுப்புக் கலங்கல் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போங்கள்.

முடித்ததும் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் பாய்லருக்கு அடியில் இருக்கும் பின்னல் குழாயின் இரண்டு திருகுகளையும் மெல்லத் திறந்து, முள் 1.2, 1.3க்கு வந்ததும் இரண்டையும் மூடுங்கள். ஒன்றை மூட மறந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாயில் தண்ணீர் ஊற்றும். வாரா வாரம் அழுத்தம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அதற்கு ஆள் வேண்டும்.

கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் துருச் சேறு. கழுவி எடுக்க ஆளைக் கூப்பிடுங்கள். முழுதும் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் வால்வு ஊசி ஒட்டியிருக்கும். தலையைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகிக் கழற்றினால் நடுவில் சின்ன ஊசி தெரியும். தட்டையான ஒன்றால் அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் எழ வேண்டும். எழாவிட்டால் பக்கத்தில் மெல்லத் தட்டி, மறுபடி மறுபடி அழுத்துங்கள். குறட்டால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீறிடும். கோடையில் வால்வுகளை முழுதாகத் திறந்து வைத்தால் இந்த ஒட்டல் குறையும்.

சுவர் மூலையில கறுப்புப் புள்ளி புள்ளியா வருது. ஹீட்டிங்கைக் கூட்டினாப் போகுமா?

பாதி போகும். பூஞ்சைக்கு வேண்டியது குளிர்ந்த சுவரும் ஈரக்காற்றும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்துவிடும். காப்பில்லாத வெளிச்சுவர் மூலையும் அலமாரிக்குப் பின்புறமும் குளிர் இரவில் அந்த அளவுக்கு இறங்கும். அதனால்தான் ஈரம் ஊறும் பழைய வீட்டை 15க்குக் கீழே விடாதீர்கள் என்று முன்னே சொன்னோம்.

மறுபாதி ஈரம். ஒரு முறை துவைத்த துணியை உள்ளே காயப்போட்டால் 2 லிட்டர் வரை நீர் காற்றில் கலக்கும். இட்லிக் கொப்பரை ஆவி, விசில் விடும் குக்கர், கொதிக்கும் சோற்றுப்பானை, காலையில் வரிசையாக நாலு பேர் குளியல் என்று நம் வீடுகளில் ஆவிக்குக் குறைவில்லை. சமைக்கும்போது கதவைச் சாத்தி, காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டு, பாத்திரத்தை மூடுங்கள். குளித்த பிறகு 20 நிமிடம் விசிறி ஓடட்டும். துணி காயும் அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்தால் ஈரக்காற்று போய்விடும், சுவரின் சூடு அதற்குள் போகாது. பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி, 60க்குக் கீழே வைத்திருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். வந்த புள்ளிகளை உலர்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். பூஞ்சைக் கொல்லி தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரே ரூம்ல இருக்கேன். ஃபேன் ஹீட்டர் வாங்கிட்டா லாபமா?

2025இல் கேஸ் யூனிட் 6 முதல் 7 பென்ஸ், மின்சாரம் 25 முதல் 27 பென்ஸ் என்று இருந்தது. ஏறக்குறைய நான்கு மடங்கு. 2 கிலோவாட் ஹீட்டர் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் 50 பென்ஸைத் தாண்டும். அதே அளவு சூட்டைப் பாய்லர் 15 பென்ஸ் அளவில் தரும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு அதே சூட்டைத்தான் தரும், விளம்பரத்தை நம்ப வேண்டாம். மற்ற அறை வால்வுகளைக் குறைத்துவிட்டுப் பாய்லரை ஓட்டுவதே நல்லது. படிக்க உட்காரும்போது 100 வாட் மின்போர்வை ஒன்று மடியில் இருந்தால் மணிக்கு 3 பென்ஸுக்குள் முடியும். ஃபேன் ஹீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்றால் நேரே சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பில் வாடகையோட சேர்த்திருக்கு. ஓனர் தெர்மோஸ்டாட்டைப் பூட்டி 16ல வச்சிருக்கார். என்ன பண்றது?

அறையின் அளவைக் காலை, மாலை ஒரு வாரம் தேதியோடு படம் எடுங்கள். பிறகு எழுத்தில், மின்னஞ்சலிலோ செய்தியிலோ, 18 டிகிரி கேளுங்கள். நகர்ந்து கொடுக்காவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்குப் போகலாம். அதிகக் குளிரை அவர்கள் உடல்நல அபாயமாகக் கணக்கில் எடுப்பார்கள். ஹீட்டிங்கே பழுதானால், 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11ஆம் பிரிவின்படி பெரும்பாலான வாடகை வீடுகளில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. ஆண்டுதோறும் கேஸ் சோதனை நடந்து, அதன் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் உரிமையாளரின் கடமை. அலாரம் அடித்தாலோ கேஸ் நாற்றம் வந்தாலோ ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999ஐ அழையுங்கள். அது இலவசம்.

எங்கட பிளாட்டில காஸ் இல்லை. சுவரோட பாரமான ஹீற்றர், இரண்டு குமிழ் இருக்கு.

அது நைட் ஸ்டோரேஜ் ஹீட்டர். இரவில் மின்சாரம் மலிவான ஏழு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் செங்கல்லைச் சூடாக்கி, பகலில் விடும். “இன்புட்” நாளைக்கு எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பது, அதனால் வானிலை பார்த்து முந்தின இரவே வையுங்கள். “அவுட்புட்” இப்போது எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பது. படுக்கும்போதும் வெளியே போகும்போதும் அதை மூடிவையுங்கள். திறந்தே கிடந்தால் நீங்கள் வீடு திரும்பும் மாலையில் செங்கல் ஆறிப்போயிருக்கும்.

டிசம்பர்ல மூணு வாரம் ஊருக்குப் போறோம். முழுசா அணைச்சிட்டுப் போகலாமா?

வேண்டாம். குழாய் உறைந்து வெடித்தால் திரும்பி வரும்போது கூரை கீழே கிடக்கும். தெர்மோஸ்டாட்டை 12இல் வைத்து, டைமரை எப்போதும் ஓடும் நிலையில் விடுங்கள். பாய்லருக்குப் போகும் மின் ஸ்விட்சை அணைக்காதீர்கள், அதன் உறைபனிக் காப்பு வேலை செய்ய மின்சாரம் வேண்டும். பெரும்பாலும் சமையலறை சிங்குக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வால்வை மூடுங்கள். காலி வீட்டுக்குக் குறைந்தபட்ச டிகிரி போட்டிருக்கிறதா என்று காப்பீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். முன்பணம் போடும் மீட்டர் என்றால், நீங்கள் இல்லாத நாளுக்கும் தினசரிக் கட்டணம் கழியும். அதற்குச் சேர்த்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

மைனஸ் அஞ்சு அடிச்ச காலையில பாய்லர் குடகுடன்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. போச்சா?

பெரும்பாலும் இல்லை. குமிழ்க் கேள்வியில் சொன்ன அந்த நீர் சொட்டும் பிளாஸ்டிக் குழாய், வெளிச்சுவரில் உறைந்திருக்கும். நீர் வெளியேற வழியில்லாமல் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. வெளியே போய் வெள்ளைக் குழாயைத் தடவிப் பாருங்கள். வளைவிலோ சாக்கடைக்குள் இறங்கும் முனையிலோதான் கட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அந்த இடத்தில் மெல்ல ஊற்றுங்கள், அல்லது சுடுநீர்ப் பையைக் குழாயோடு ஒட்டி வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடும். ஏணி போட்டு எட்ட வேண்டிய உயரம் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

உருகியதும் பாய்லரில் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு மூன்று முறைக்கும் எரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) பதிவு பெற்றவரை அழையுங்கள். எரிந்துவிட்டால், அன்றைக்கே வன்பொருள் கடையில் நீர்புகாத நுரைக் குழாயுறை வாங்கி வெளிக்குழாய் முழுதும் மாட்டிவிடுங்கள். மறுநாள் காலையும் அதே குளிர் அடிக்கும்.